கைப்பிரேக்கைப் பிடித்தால் பின்விளக்கு எரியவில்லை

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் 3 வயதைத் தாண்டினால் வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. இந்த முறை என் வண்டி தேறவில்லை. கால் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு பளிச்சென்று எரிகிறது. கைப்பிரேக்கைப் பிடித்தால் ஒன்றுமில்லை.

ஒரு பிரேக்குக்கு எரிந்தால் பல்ப் நன்றாகத்தான் இருக்கிறது. அதை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம். இரண்டு பிரேக்குக்கும் தனித்தனி சுவிட்ச். கைப்பிரேக் சுவிட்ச் லீவருக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவில் ஒளிந்திருக்கும். அதற்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, சாவியைத் திருப்பி, ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். விளக்கு எரிந்தது. ஆக, கோளாறு சுவிட்சில்தான். இங்கே பெய்கிற மழைக்கு உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறியிருந்தது. காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்ததும் வேலை செய்தது, ஆனால் லீவரை நாலு தடவை அழுத்தியதும் மறுபடி மக்கர். சரி, புதுசே போட்டுவிடலாம் என்று காக்கி புக்கிட் வட்டாரக் கடையில் வாங்கினேன். ஒரே ஒரு ஸ்க்ரூதான்.

மறுசோதனைக்குப் போகும் முன் டயரையும் பார்த்துக்கொண்டேன். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை ரப்பரோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. அப்புறம் சைலன்சர். அனுமதி இல்லாத சத்தக்குழாய் மாட்டியவர்கள் சோதனைக்கு முதல்நாள் பழையதைத் தேடி ஓடுவது இங்கே வருடாந்திரத் திருவிழா. என்னுடையது கம்பெனிக் குழாய் என்பதால் அந்த ஓட்டம் இல்லை. இரண்டு பிரேக்குக்கும் விளக்கு எரிந்தது, வண்டி தேறிவிட்டது.