புது பற்றரி போட்டும் போகாத சிவப்பு லைற்

மாங்குளத்தில இருந்து கிளிநொச்சிக்கு ஏ9 றோட்டால வரேக்க காரில பற்றரி லைற் பத்தினது, ரெண்டு நாளில காலமை ஸ்ராட்டே வரேல்லை. பற்றரி செத்துப்போச்சு எண்டு கராஜில சொல்ல புதுசு போட்டன், ஒரு கிழமையில திரும்ப அதே கதை. பிறகு எஞ்சின் ஓடேக்க பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஓல்டனேற்றரை மாத்தோணும் எண்டினம், அவ்வளவு காசுக்கு எங்க போறது, நானே வோல்ற் பாக்கிற மீற்றரை எடுத்தன்.

எஞ்சின் ஓடேக்க பற்றரியில 12.4 வோல்ற் தான், வழக்கமா 13.5க்கு மேல நிக்கோணும். மைனஸ் வயர் பற்றரியைக் கவ்வுற இடத்தில சின்னக் கறுப்புப் பெட்டி ஒண்டு இருக்கும், அதுதான் கரண்ட் சென்சர், எவ்வளவு கரண்ட் உள்ள போகுது வெளிய வருது எண்டு காரின்ர கொம்பியூட்டருக்குச் சொல்லுறது, அது பிழையாச் சொன்னா பற்றரி நிறைஞ்சிட்டுது எண்டு நினைச்சு கொம்பியூட்டர் சார்ஜைக் குறைச்சுப்போடும். எஞ்சினை நிப்பாட்டி அந்தப் பிளக்கைக் கழட்டிப்போட்டு ஸ்ராட் பண்ணினன், உடன 14.2! ஓல்டனேற்றரில பிழையே இல்லை. எல்லாக் காரிலயும் இப்பிடி வராது, என்ர காரில வந்தது.

பிளக்குக்குள்ள ரோச் அடிச்சா ஒரு பின் பச்சை பிடிச்சு, சுத்திவர செம்மண் புழுதி. துடைச்சும் சரிவரேல்லை, வவுனியாவில பழைய சாமான் கடையில அதே மொடல் சென்சர் எடுத்துப் போட்டன், இப்ப மூண்டு மாசமாப் பிரச்சினை இல்லை.

இன்னொண்டு, பாட்டுப் பெட்டிக்கு அம்ப் பூட்டிற ஆக்கள் ஏத் வயரை பற்றரி மைனஸில நேராப் பூட்டாதேங்கோ, அம்ப் எடுக்கிற கரண்ட் சென்சருக்குத் தெரியாமப் போகும், காரின்ர பொடித் தகட்டில பூட்டுங்கோ.