முதுநிலை ஆய்வு: தீசிஸை ஒரு வருடம் தள்ளிப்போடும் தவறுகள்

எழுத வராததால் தீசிஸ் நின்றுபோவது குறைவு. முதல் ஆறு மாதத்தில் யோசிக்காமல் எடுத்த இரண்டு மூன்று முடிவுகள்தான் கடைசி செமஸ்டரில் வழியை மறிக்கின்றன. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வேளாண்மை, சுற்றுச்சூழல், சமூக அறிவியல் பிரிவுகளில் ஆய்வு செய்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

சேர்வதற்கு முன் ஒரு விஷயம். எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வந்த விதிமுறையிலேயே நிறுத்திவிட்டது. புதிதாக யாரும் சேர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் மறுபடியும் அறிவித்தது. மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 வரை காலம் நீட்டித்தார்கள். முன்பே சேர்ந்து வாங்கிய பட்டத்துக்குப் பாதிப்பில்லை. மற்றபடி யாராவது எம்.ஃபில். புதுச் சேர்க்கை நடக்கிறது என்றால் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது பருவம். கொங்கு நாட்டில் வயல் ஆய்வு செய்பவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனியில் நட்டால் சுமார் ஒன்பது மாதம் கழித்துத் தை, மாசியில் வெட்டு. இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடம் பாடங்களிலேயே பெரும்பகுதி போய்விடும். சித்திரைக்குள் சினாப்சிஸுக்கு (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) ஒப்புதல் வாங்கி, விதைக் கிழங்கும் கையில் இருந்தால்தான் அந்தப் பட்டத்தில் நட முடியும். தவறினால் அடுத்த நடவு ஒரு வருடம் கழித்து. அதன் அறுவடை படிப்புக்காலம் முடிந்த பிறகு வரும். இரண்டு பருவ டேட்டா வேண்டும் என்று கைடு சொன்னால் மஞ்சளைத் தொடவே வேண்டாம். 65-75 நாளில் வரும் பாசிப்பயறோ உளுந்தோ எடுங்கள். ஒரு பருவம் கெட்டாலும் இன்னொன்று கிடைக்கும்.

விவசாயி தோட்டத்தில் செய்பவர்கள் தண்ணீர் முறையையும் பார்க்க வேண்டும். கீழ்பவானி ஆயக்கட்டு ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரிந்திருக்கிறது. ஒரு பாதிக்கு நஞ்சைப் பாசனத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விட்டால், மறுபாதிக்குப் புஞ்சை முறைதான், அதுவும் பிறகுதான் வரும். அடுத்த வருடம் இது மாறும். நிலம் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் முன் அது எந்த மதகில் பாய்கிறது, இந்த வருடம் எந்த முறை என்று விவசாயியிடம் கேளுங்கள். கிணறு இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

நொய்யல் ஆற்றில் தண்ணீர் மாதிரி எடுப்பவர்களுக்கும் பருவம்தான் உயிர். கோடையில் மட்டும் எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் கழிவுநீரின் கணக்கு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, கோடை என மூன்று காலத்திலும் அதே இடங்களில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். உலோகம் பார்க்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்க்கும் மாதிரியில் அமிலம் விடக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கேனில் எடுத்தால் ஒன்று நிச்சயம் வீண்.

இனி வடிவமைப்பு. ஆர்.பி.டி. முறையில் (நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சோதிப்பவை எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு வைப்பது) பிழையின் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தற்செயல் வித்தியாசத்தை மதிப்பிடக் கிடைக்கும் எண்) குறைந்தது 12 இருக்க வேண்டும் என்பது வழக்கம். கணக்கு எளிது: ட்ரீட்மென்ட் (சோதிக்கும் உரம், ரகம் போன்றவை) எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, ரெப்ளிகேஷனில் (ஒவ்வொன்றையும் எத்தனை தடவை திரும்பச் செய்கிறோம் என்பது) ஒன்று குறைத்துப் பெருக்குங்கள். ஐந்து ட்ரீட்மென்ட், மூன்று ரெப்ளிகேஷன் என்றால் 4 × 2 = 8; போதாது. நான்காவது ரெப்ளிகேஷன் சேர்த்தால் 12. விதைக்கும் முன் இதைச் சேர்க்க ஒரு நாள் வேலை கூடும். விதைத்த பிறகு வழியே கிடையாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மண்புழு உரம் போட்ட பாத்தி ஒன்று, போடாதது ஒன்று. இரண்டிலும் பத்துப் பத்துச் செடிகளை அளந்து "பத்து ரெப்ளிகேஷன்" என்று எழுதுவது. உரம் போனது ஒரு பாத்திக்குத்தான், அதனால் ரெப்ளிகேஷனும் ஒன்றுதான். இரு பாத்திக்கும் இடையில் இருந்த மண் வித்தியாசத்தையும் உர வித்தியாசத்தையும் இனி யாராலும் பிரிக்க முடியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தேர்வாளர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

லேப் முறையை சீனியர் தீசிஸிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதும் ஆபத்து. நீலகிரியின் அமில மண்ணுக்கு பிரே முறையில் பாஸ்பரஸ் பார்த்திருப்பார்கள். கோவைப் பகுதியின் சுண்ணாம்பு கலந்த கரிசலில் அதைச் செய்தால், கரைசலில் உள்ள அமிலத்தைச் சுண்ணாம்பே முறித்துவிடும். அளவு குறைவாகக் காட்டும். இங்கே ஓல்சன் முறைதான், பி.எச். 8.5-ல் வைத்த சோடியம் பைகார்பனேட் கரைசலோடு. முறையை முடிவு செய்யும் முன் உங்கள் மண்ணின் பி.எச். என்ன என்று பாருங்கள்.

ஆனைமலை, சத்தியமங்கலம் காட்டுக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி வந்த பிறகே கால் வைக்க வேண்டும். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பியுங்கள். மனிதர்களிடம் தகவல் சேகரித்தால் நெறிமுறைக் குழு ஒப்புதலும் அப்படித்தான். டேட்டா எடுத்த பிறகு வாங்கியது செல்லாது.

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொண்டு போகிறவர்கள் மேனேஜர் மூலம் கொடுத்து வாங்காதீர்கள். அவர் கண்ணில் படும் தாளில் சம்பளம், ஒன்றரை ஷிப்ட் பற்றி யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பக்கம் நேரில் போய்க் கேளுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்கள் வேண்டாம்: முன்னால் ஓவர்டைம், பின்னால் பலரும் சொந்த ஊரில். இருபது முப்பது பேரிடம் முதலில் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்விகளைத் திருத்திய பிறகே முழு சர்வேக்கு இறங்குங்கள்.

எழுதுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வு முறை அத்தியாயத்தை வேலை நடக்கும்போதே எழுதுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ போட்டீர்கள் என்பது எட்டு மாதம் கழித்து நினைவில் இருக்காது. அனோவாவில் (ட்ரீட்மென்ட்களுக்குள் உண்மையான வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் கணக்கு) எஃப் மதிப்பு வித்தியாசம் இல்லை என்று சொன்ன பிறகு சி.டி. (இரண்டு சராசரிக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச வித்தியாசம்) வைத்து ட்ரீட்மென்ட்களை வரிசைப்படுத்தாதீர்கள். பூச்சி எண்ணிக்கை போன்ற டேட்டாவை வர்க்கமூல மாற்றம் செய்து அனோவா ஓட்டுவதுதான் வழக்கம். பூஜ்யங்கள் இருந்தால் முதலில் 0.5 கூட்டிக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, தீசிஸில் அடுத்தவர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை திருத்தித் தர வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடம் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் பட்டியலும் நன்றியுரையும் இந்தக் கணக்கில் வராது. அதிகம் சிக்குவது முந்தைய ஆய்வுகள் அத்தியாயம்; அடுத்தவர் சுருக்கத்தை வரிக்கு வரி இறக்கி ஆண்டை மட்டும் சேர்ப்பதால் வருவது அது. கட்டுரையைப் படித்து மூடிவைத்துவிட்டு, என்ன கண்டுபிடித்தார்கள், உங்கள் ஆய்வோடு எங்கே ஒத்துப்போகிறது என்று சொந்த வரியில் எழுதுங்கள். தீசிஸ் சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே முதல் ஒற்றுமைச் சோதனையை ஓட்டிவிடுங்கள். திருத்தியதை கைடும் கமிட்டி உறுப்பினர்களும் படித்துக் கையெழுத்துப் போட அந்த ஒரு மாதம் வேண்டும்.