டெக்சாஸில் வீட்டருகே எரிவாயுக் கிணறு: அதன் அரசுக் கோப்பை நீங்களே படிப்பது எப்படி?

டெக்சாஸில் வீடோ நிலமோ வாங்கப் போகிறவர்கள் பள்ளிக்கூடம், சொத்து வரி, வெள்ள அபாயம் என்று எல்லாவற்றையும் அலசுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் வால்வுகளையும் தொட்டிகளையும் பார்த்து மட்டும் "ஏதோ கேஸ் கிணறாம்" என்று நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கிணற்றுக்கு மாநில அரசிடம் ஒரு கோப்பு இருக்கிறது. எவ்வளவு ஆழம், எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, கடைசியாக எந்த மாதம் வாயு எடுத்தார்கள் என்பது வரை அதில் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே, காசு கட்டாமல் படிக்கலாம். வீட்டுத் தேவைக்குப் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன்.

இதில் முன்அனுபவம் எதுவும் தேவையில்லை. ஆனால் வரிசை முக்கியம்.

தொடங்கும் முன்: யாரிடம் போவது?

அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மேற்பார்ப்பது பெரும்பாலும் மாநில அரசுகள்தான். மத்திய அரசு நிலத்தில் தோண்டினால் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் அனுமதியும் வேண்டும். பாறையை உடைத்து வாயு எடுக்கும் ஃபிராக்கிங் முறையை, டீசல் கலந்து செய்வதைத் தவிர, குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தடி உட்செலுத்தல் விதிகளிலிருந்து 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் விலக்கிவிட்டது. அதனால் உங்கள் நிலத்தடி நீருக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்பது மாநில விதிதான்.

டெக்சாஸில் அந்த விதிகளைக் கையில் வைத்திருப்பது ரயில்ரோடு கமிஷன். 1891-இல் ரயில் நிறுவனங்களைக் கண்காணிக்கத் தொடங்கப்பட்டது. ரயில் சம்பந்தப்பட்ட பொறுப்புகள் 2005-இல் முழுவதுமாகப் போய்விட்டன, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. தேடும்போது "சுற்றுச்சூழல் துறை" என்று ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். நேராக இந்தக் கமிஷனின் தளத்துக்குப் போங்கள்.

படி 1: கிணற்றுக்குரிய எண்ணைப் பிடியுங்கள்

கிணற்று வளாகத்தில் ஒரு பலகை இருக்கும். கமிஷனின் 3-ஆம் விதிப்படி அது இருந்தே ஆக வேண்டும். லீஸின் (எண்ணெய், வாயு எடுக்கக் குத்தகைக்கு எடுத்த நிலத்தின்) பெயர், கிணற்றை நடத்தும் நிறுவனத்தின் பெயர், கிணற்று எண் ஆகியவற்றை அதில் பார்க்கலாம். பொதுச் சாலையில் நின்றபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்குள் கால் வைக்க வேண்டாம்.

அப்புறம், கமிஷனின் பொது வரைபடப் பக்கத்தில் உங்கள் இடத்தைத் தேடி, கிணற்றுப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஏபிஐ எண் என்று ஒன்று வரும், அதுதான் கிணற்றின் பத்து இலக்க அடையாள எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், டெக்சாஸுக்கு 42. அடுத்த மூன்று இலக்கம் கவுண்டி. டென்டன் என்றால் 121, டாரன்ட் என்றால் 439. கடைசி ஐந்து இலக்கம் அந்தக் கிணற்றுக்கே உரியது. கமிஷனின் தேடல் பெட்டிகளில் பெரும்பாலும் 42-ஐ விட்டுவிட்டு மீதி எட்டு இலக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும். பத்தையும் அடித்துவிட்டு "பதிவே இல்லை" என்று வந்ததும் திரும்பிவிடாதீர்கள்.

நிறுவனங்கள் கைமாறும், லீஸின் பெயரும் மாறும். ஏபிஐ எண் மாறாது. அதனால் இனி எல்லாத் தேடலையும் இந்த எண்ணை வைத்தே செய்யுங்கள்.

படி 2: வரைபடத்தில் கோட்டையும் பாருங்கள்

புள்ளியை மட்டும் பார்ப்பது போதாது. வடக்கு டெக்சாஸில் பார்னெட் ஷேல் என்ற வாயு நிறைந்த பாறை அடுக்கு இருக்கும் பகுதியில் பல கிணறுகள் ஆயிரக்கணக்கான அடி நேராக இறங்கி, பிறகு கிடைமட்டமாகத் திரும்பி ஓடுகின்றன. வரைபடத்தில் மேற்பரப்புப் புள்ளியையும் அடிப்புள்ளியையும் ஒரு கோடு இணைக்கும். வளாகம் அரை மைல் தள்ளி இருந்தாலும் அந்தக் கோடு உங்கள் வீட்டுக்குக் கீழே போகலாம்.

இது சட்டப்படி சாத்தியமா என்று கேட்பீர்கள். சாத்தியம்தான். டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பு உரிமையும் அடியிலுள்ள கனிம உரிமையும் தனித்தனியாக விற்கப்படும். வீட்டுப் பத்திரத்தில் கனிம உரிமையை விற்றவரே வைத்துக்கொண்டார் என்று ஒரு வரி இருந்தால், உங்களுக்கு வந்தது மேற்பரப்பு மட்டும். பத்திரத்தை எடுத்து அந்த வரியை இன்றே தேடிப் பாருங்கள்.

படி 3: டபிள்யூ-1, அதாவது தோண்ட அனுமதி விண்ணப்பம்

டபிள்யூ-1 தேடலில் எண்ணைக் கொடுத்தால் விண்ணப்பமும் அதன் நிலையும் வரும். அனுமதி கிடைத்த தேதியைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுக்குள் தோண்டத் தொடங்காவிட்டால் அது காலாவதி.

37-ஆம் விதி பற்றிய குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பொது விதிப்படி ஒரு கிணறு லீஸ் எல்லையிலிருந்து 467 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், இரண்டு கிணறுகளுக்கு நடுவே 1,200 அடி வேண்டும். சில எண்ணெய், எரிவாயு வயல்களுக்குத் தனி அளவுகள் உண்டு. அதற்குக் குறைவாக வேண்டுமென்றால் நிறுவனம் விலக்கு கேட்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்துக் கனிம உரிமைக்காரர்களுக்கு அறிவிப்பு போகும், அவர்கள் ஆட்சேபிக்கலாம். மேற்பரப்பு மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த அறிவிப்பு வராது.

இந்த 467 அடி வீட்டிலிருந்து இருக்க வேண்டிய தூரம் அல்ல. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் தோண்டலாம் என்பதில் தனக்கு அதிகாரமில்லை என்று கமிஷனே சொல்கிறது. அது நகராட்சியின் கையில் இருக்கிறது, அதுவும் ஓரளவுதான். 2014 நவம்பரில் டென்டன் நகர மக்கள் வாக்களித்து நகருக்குள் ஃபிராக்கிங்கைத் தடை செய்தார்கள். 2015 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த எச்பி 40 சட்டம் அந்த அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது நகராட்சிகள் இரைச்சல், விளக்கு, லாரிப் போக்குவரத்து, நியாயமான இடைவெளி போன்ற மேற்பரப்பு விஷயங்களை மட்டுமே கட்டுப்படுத்தலாம். வாக்குப்பெட்டியில் மக்கள் தெளிவாகச் சொன்னதை ஆறே மாதத்தில் அழித்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எப்படியிருந்தாலும், வீட்டுத் தூர விதிக்கு உங்கள் நகராட்சியின் ஆணையைத்தான் புரட்ட வேண்டும்.

படி 4: தண்ணீரைக் காக்கும் இரண்டு தாள்கள்

நேரமே இல்லை என்றால் மற்ற படிகளை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். கிணறு தோண்டி முடித்ததும் நிறுவனம் கொடுக்கும் நிறைவு அறிக்கைத் தொகுப்பைத் திறங்கள். எண்ணெய்க் கிணறு என்றால் டபிள்யூ-2, எரிவாயு என்றால் ஜி-1. அதோடு இணைத்திருக்கும் தாள்களில் இரண்டைத் தேடி எடுங்கள்.

முதலாவது, கமிஷனின் நிலத்தடி நீர் ஆலோசனைப் பிரிவின் கடிதம். இந்த இடத்தில் பயன்படுத்தத்தக்க தண்ணீர் எத்தனை அடி ஆழம் வரை இருக்கிறது, அதுவரை காக்க வேண்டும் என்று அது சொல்லும். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 3,000 மில்லிகிராம் வரை இருக்கும் நீரைப் பொதுவாகப் பயன்படுத்தத்தக்கதாகக் கணக்கில் எடுப்பார்கள். 2011-க்கு முந்தைய கிணறாக இருந்தால் கடிதத்தின் தலைப்பில் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் பெயரோ அதற்கு முன்பிருந்த துறையின் பெயரோ இருக்கும். அந்தப் பிரிவு கமிஷனுக்கு மாறியதே அந்த ஆண்டில்தான்.

இரண்டாவது, டபிள்யூ-15 என்ற சிமெண்ட் அறிக்கை. கிணற்றுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. வெளியில் இருக்கும் மேற்பரப்புக் கேசிங் குழாய்தான் தண்ணீர் அடுக்கைக் கடந்து போகிறது. அந்தக் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சிமெண்ட் கலவையைக் கீழிருந்து மேலே ஏற்றி நிரப்புகிறார்கள். 13-ஆம் விதி கேட்பது இதைத்தான்: குழாய் தண்ணீர் அடுக்கின் அடிவரை போக வேண்டும், சிமெண்ட் தரைமட்டம் வரை ஏறி வர வேண்டும்.

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, கடிதம் 650 அடி வரை காக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூ-15-இல் மேற்பரப்புக் கேசிங் இறங்கிய ஆழம் 700 அடி என்றால் சரி. 500 அடி என்றால், மீதி 150 அடியை எப்படிக் காத்தார்கள், அதற்குக் கமிஷன் எதற்கு ஒப்புதல் கொடுத்தது என்று கேட்க வேண்டும். அடுத்து, சிமெண்ட் தரைமட்டம் வரை சுற்றி வந்ததா என்ற கேள்விக்கு "ஆம்" குறித்திருக்கிறதா பாருங்கள். "இல்லை" என்றால் பதற வேண்டாம். அப்படி நடக்கும்போது நிறுவனம் மாவட்ட அலுவலகத்திடம் ஒப்புதல் வாங்கி, மேலிருந்து நிரப்ப வேண்டும். அந்தக் கூடுதல் வேலைக்கான தாள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கமிஷனிடம் எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி உங்களிடம் இருக்கிறது.

அதே அறிக்கையில் உள்ளே இறங்கும் உற்பத்திக் குழாயின் சிமெண்ட் பாதி ஆழத்திலேயே நின்றிருக்கும். அது தவறில்லை. அந்தக் குழாய்க்குத் தரைமட்டம் வரை சிமெண்ட் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வாயு வரும் அடுக்குகளுக்கு மேலே குறிப்பிட்ட உயரம் வரை இருந்தால் போதும். இரண்டு குழாய்களையும் குழப்பிக்கொண்டு புகார் எழுதினால் உங்கள் நல்ல கேள்வியும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

புதுக் கிணறு வரப்போகிறது என்று தெரிந்தால், தோண்டும் முன்பே உங்கள் போர் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். மீத்தேன், குளோரைடு, பேரியம் மூன்றும் பட்டியலில் இருக்கட்டும். முன்பு எப்படி இருந்தது என்ற தாள் கையில் இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம். பென்சில்வேனியாவில் ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், நிறுவனமே பொறுப்பு என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் வேலை. எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி அது.

படி 5: கிணறு ஓடுகிறதா?

உற்பத்தித் தேடலில் மாதவாரிக் கணக்கு வரும். எரிவாயுக் கிணறுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. எண்ணெய் என்றால் லீஸ் முழுவதற்கும் சேர்த்துத்தான் காட்டுவார்கள், ஒரே கிணற்றின் அளவைப் பிரித்துப் பார்க்க முடியாது.

தொடர்ந்து பூஜ்யம் வந்தால் கவனியுங்கள். 14-ஆம் விதிப்படி ஓராண்டு சும்மா கிடக்கும் கிணற்றைச் சிமெண்ட் போட்டு மூட வேண்டும், அல்லது நீட்டிப்பு வாங்க வேண்டும். மூடியிருந்தால் டபிள்யூ-3 என்ற தாள் கோப்பில் இருக்கும்.

படி 6: நடத்துகிற நிறுவனத்திடம் பணம் இருக்கிறதா?

ஒவ்வொரு நிறுவனமும் பி-5 என்ற பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதிவு உயிரோடு இருக்கிறதா, எத்தனை கிணறுகள் அதன் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். கிணறுகளை மூடும் செலவுக்கு உத்தரவாதமாக நிறுவனம் தர வேண்டிய மொத்தப் பிணைத்தொகை, 78-ஆம் விதிப்படி, 10 கிணறுகள் வரை 25,000 டாலர், 99 வரை 50,000 டாலர், 100-உம் அதற்கு மேலும் 2,50,000 டாலர். 500 கிணறு வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கணக்குப் போட்டால் கிணற்றுக்கு 500 டாலர்தான் வருகிறது. நிறுவனம் திவாலானால் கிணற்றை மூடும் செலவு மாநில நிதியின் தலையில் விழும். இப்படி அனாதையான கிணறுகளை மூட 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் நாடு முழுவதற்குமாக 470 கோடி டாலர் ஒதுக்கியது.

படி 7: புகார் எழுதுவது

முதலில் யாருக்கு என்று பிரியுங்கள். கசிவு, மண்ணில் எண்ணெய், தண்ணீர் கெட்டுப்போதல் என்றால் கமிஷனின் மாவட்ட அலுவலகம். காற்றில் நாற்றம், புகை என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையம். ராத்திரி இரைச்சல், கண்ணைக் கூசும் விளக்கு என்றால் நகராட்சி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அங்கிருந்து விலகி 911-ஐ அழையுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், உயிரைப் பறிக்கும்.

கடிதத்தில் ஏபிஐ எண், தேதி, நேரம், கண்ணால் பார்த்தது ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, படத்தை இணையுங்கள். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். படி 4-இல் குறை கண்டிருந்தால் அந்த இரண்டு தாள்களையும் இணைத்து, "கூடுதல் சிமெண்ட் வேலைக்கான பதிவைத் தர முடியுமா?" என்று ஒரே வரியில் கேளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கமிஷனின் ஆய்வு, விதிமீறல் பதிவுகளையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆய்வாளர் வந்து போனாரா, என்ன எழுதினார் என்பதை அங்கே பாருங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

வரிசை இதேதான், அலுவலகமும் தாளின் பெயரும் மாறும். ஏபிஐ எண்ணின் தொடக்கம் கொலராடோவுக்கு 05, பென்சில்வேனியாவுக்கு 37, ஓக்லஹோமாவுக்கு 35, வடக்கு டகோட்டாவுக்கு 33. கொலராடோவில் பொறுப்பு எரிசக்தி, கார்பன் மேலாண்மை ஆணையத்திடம். அங்கே புதுக் கிணறுகளுக்கு வீடுகளிலிருந்து 2,000 அடி என்ற பொது விதி 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது, ஆனால் விலக்குகள் உண்டு. விலக்கு வாங்கியிருந்தால் எதைக் காட்டி வாங்கினார்கள் என்று பாருங்கள். வடக்கு டகோட்டாவில் புதுக் கிணற்றின் விவரங்களை ஆறு மாதம் ரகசியமாக வைத்திருக்க நிறுவனம் கேட்கலாம். தேடியதும் வெறுமையாக வந்தால், ஆறு மாதம் கழித்து அதே எண்ணை மறுபடி போட்டுப் பாருங்கள்.