வைட்பாண்ட் மீற்றர் வைத்துக் காபரேற்றர் காரை டியூன் பண்ணும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இன்னும் ஓடுகிற டிஎக்ஸ் வேகன், பொக்ஸ் லான்சர், பழைய நிசான் சன்னி போன்ற கார்களின் காபரேற்றரைக் காதால் கேட்டும் ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்தும்தான் பெரும்பாலும் சரி செய்கிறார்கள். வைட்பாண்ட் மீற்றர் இருந்தால், ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று (நிறைப்படி) என்ற விகிதம் ஓடும்போதே தெரியும். எண் கூடினால் பெற்றோல் குறைவு, அது லீன். எண் குறைந்தால் பெற்றோல் கூட, அது ரிச். ஆனால் புகைக்குழாயில் பூட்டும் அதன் சென்சர் பெற்றோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசனை அளந்து கணக்குப் போட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. வெளிக்காற்று எந்த வழியால் குழாய்க்குள் புகுந்தாலும் எண் பொய்யாகிவிடும்.

அதனால் முதலில் ஓட்டை பார்க்க வேண்டும். கடற்கரையோரம் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று சைலன்சர் குழாயையும் பிளாஞ்சையும் அரித்திருக்கும். இஞ்சின் ஆறியபின் வால்குழாய்க்குள் புளோவரால் காற்று அடித்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணி தடவிப் பாருங்கள். நுரை வரும் இடத்தை அடைக்காமல் மீற்றரைப் பூட்டினால், இல்லாத லீனைத் திருத்துகிறோம் என்று ரிச் ஆக்கிவிடுவீர்கள். கஸ்கட் போடும்போது சாதாரண சிலிக்கன் பூசாதீர்கள், அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும்.

சென்சரைத் திருகிப் பூட்டக் குழாயில் ஒட்டும் வளையமான பங் எம்18 × 1.5 மரை. லேத் கடையில் சொல்லிச் செய்விக்கலாம். நான்கு சிலிண்டரின் குழாய்களும் சேர்ந்த பிறகு, இஞ்சினிலிருந்து ஏறத்தாழ 45 – 60 செ.மீ. தள்ளி வெல்டிங் பண்ணுங்கள். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் இருந்தால் அதற்கு முன்னால். குழாயை மணிக்கூட்டு முகமாக நினைத்தால், சென்சர் 10க்கும் 2க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் குழாயில் தேங்கும் தண்ணி சூடான செரமிக்கில் பட்டு அது வெடிக்கும். மாரியில் வெள்ளம் பாயும் வீதிகளில் ஓடுவோருக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

போஷ் எல்எஸ்யு 4.9 சென்சரின் வயர் பிளக்குக்குள் அந்தச் சென்சருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் இருக்கிறது. வயர் நீளம் போதாதென்று பிளக்கை வெட்டி வேறொன்று பூட்டாதீர்கள். 4.2 சென்சர் என்றால் பூட்டமுன் திறந்த வெளியில் காற்றில் பிடித்து, மீற்றரின் கையேட்டில் உள்ளபடி அளவு திருத்த வேண்டும். புகை நிறைந்த கராஜுக்குள் அதைச் செய்ய வேண்டாம். மின்சாரத்தை சாவி ஓனில் வரும் வயரிலிருந்து, கையேடு சொல்லும் பியூஸ் வழியாக எடுங்கள். எர்த்தை துருவைச் சுரண்டி வெளுப்பாக்கிய இடத்தில் முறுக்குங்கள். சென்சரைப் பூட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் ஓடினால் கரி படிந்து செத்துப்போகும். மீற்றரைக் கழற்றினால் சென்சரையும் கழற்றி, பங்கின் ஓட்டையை மூடி போட்டு அடையுங்கள்.

டியூனுக்கு முன் வால்வு இடைவெளி, தீப்பொறிக்கான பொயின்ற், அதன் டைமிங், காபரேற்றர் கிண்ணத்தின் மிதவை மட்டம் நான்கையும் சரி பாருங்கள். ஒரு ஸ்பார்க் பிளக் மிஸ் அடித்தாலும் எரியாத காற்று வெளியே வந்து மீற்றர் லீன் என்றுதான் சொல்லும்.

இஞ்சின் நன்றாகச் சூடாகி சோக் முழுதும் திறந்தபின் ஐட்லிங். மிக்சர் திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல், ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுங்கள். 13.5 – 14.2க்குள் எந்த இடத்தில் மிருதுவாக ஓடுகிறதோ அதுவே சரி. பெற்றோல் முழுதாக எரியும் ஏட்டுக் கணக்கான 14.7ஐத்தான் பிடிப்பேன் என்று நின்றால் பழைய இஞ்சின் நடுங்கும்.

அடுத்தது வீதி. ஒருவர் ஓட்ட, மற்றவர் எண்ணை எழுத வேண்டும். கல்லடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் ஊர் விடாமல் தொடர்வதால் அது தோதில்லை. ஓட்டமாவடி தாண்டி வாகரைப் பக்கம் நேரான பகுதி கிடைக்கும் (விடியலில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், பார்த்து). டொப் கியரில் 55 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது 14.5 – 15.2 வந்தால் போதும். இழுத்து இழுத்துப் போனால் லீன் கூடிவிட்டது.

முழு மிதிப்புக்கு இரண்டாவது கியர் போதும். நிமிடத்துக்கு 2500 சுற்றிலிருந்து 4500 வரை. மூன்றாவதில் வேகம் 70ஐத் தாண்டிவிடும். டர்போ இல்லாத இஞ்சினுக்கு 12.5 – 13.0 நல்லது. 13.5க்கு மேல் போனால் உடனே காலை எடுங்கள். காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் துளை 1.00 மி.மீ. இருந்து 1.05 ஆனால் பரப்பு 10 சதவீதம் கூடும், 14.0 காட்டியது 12.7 அளவுக்கு இறங்கும். கம்பி விட்டுத் துளையைப் பெருப்பித்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அளவான ஜெட்டே வாங்குங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மிதித்தவுடன் 12.8 காட்டி, சில விநாடியில் 14, 15 என்று ஏறினால் அது ஜெட் குறை அல்ல. மிதவைக் கிண்ணம் வற்றுகிறது. பெற்றோல் பில்டர், பம்ப், ஊசி வால்வு மூன்றையும் பாருங்கள். சட்டென்று மிதிக்கும்போது மட்டும் 17க்குப் பாய்ந்து இஞ்சின் திணறினால், மிதிக்கும்போது மேலதிகப் பெற்றோல் ஊற்றும் அக்சிலரேற்றர் பம்ப் பலவீனம். 10க்கு விழுந்து கரும்புகை வந்தால் அந்தப் பம்ப் அளவுக்கு மிஞ்சி ஊற்றுகிறது.

கடல் மட்டத்தில் சரி செய்த கார் செங்கலடி – பதுளை வீதியால் மலைநாடு ஏறினால் ரிச் ஆகும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, இங்கே 12.8 காட்டியது அங்கே 11.7 அளவில் நிற்கும். அதற்காக ஜெட் மாற்ற வேண்டாம். ஐட்லிங்குக்குத் திருப்பிய அதே மிக்சர் திருகாணியைக் கொஞ்சம் மூடி, எத்தனை சுற்று என்று குறித்து வைத்து, இறங்கி வந்ததும் பழைய இடத்துக்கே திறந்துவிடுங்கள்.