வாடும் சால்வியாவுக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

சால்வியா பூச்செடி தலை தொங்கி நிற்பதைக் கண்டதும் பூவாளியைத் தூக்காதீர்கள். முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது பெரும்பாலும் வேர் அழுகல்தான்.

நான் ஆசையாக வளர்த்த நீல சால்வியாவை இப்படித்தான் இழந்தேன். வாட வாட ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து ஒரு வேரைப் பிடித்து இழுத்தபோது, பழுப்பேறிய மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல்போல ஒரு நரம்புதான் மிஞ்சியிருந்தது. நல்ல வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் விட்டுக்கொடுக்காமல் இருக்கும். வேர் அப்படி அழுகிப்போன செடியோடு போராட வேண்டாம். நோய் தொடாத தண்டு நுனி இருந்தால் அதை வெட்டிப் புதிய மண்கலவையில் நட்டு வேர்விடச் செய்யுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது இலை. மேற்புறத்தில் வெள்ளை மாவு தூவியது போல இருந்து, துடைத்தால் விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் திட்டு, திருப்பினால் அடியில் சாம்பலும் ஊதாவுமாகப் பஞ்சு போன்ற படலம் என்றால் அடிச்சாம்பல் நோய். பெயர்தான் ஒன்றுபோல, முன்னது பூஞ்சை, பின்னது பாசிகளுக்கு நெருங்கிய உயிரி. அதனால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) முதல் நோயைத் தடுக்கும், இரண்டாவதை அசைக்காது. கந்தகத்தையும் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். அடிச்சாம்பல் கண்ட இலைகளை உடனே கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில சால்வியா வகைகளுக்குத் தண்டிலும் இலையடியிலும் வெண்மயிர் இயல்பாகவே உண்டு. அதை நோயென்று நினைத்து மருந்தடிப்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. தேய்த்தாலும் போகாமல், செடி முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது அதன் சொந்தத் தோல்.

இலையடியில் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தால் துரு நோய். வெள்ளைத் தாளில் தேய்த்தால் நிறம் இறங்கும்.

தடுப்பதற்கு நான் முதலில் சொல்வது தண்ணீர் ஊற்றும் முறையைத்தான். காலையில், அடித்தண்டருகே, மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். இலை நனைந்தபடி இரவுக்குள் போகக் கூடாது. தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு செடிகளின் இலைகள் உரசாதபடி இடைவெளி விடுங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் வரும் இளம் தழையைத்தான் சாம்பல் நோய் முதலில் பிடிக்கும். உதிர்ந்த பூ ஈர இலைமேல் ஒட்டிக்கிடந்தால் அங்கேயே பூசணம் பிடிக்கும், பொறுக்கிவிடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்குப் பின்னும் 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்து, தினமும் ஒரு இலையையாவது திருப்பிப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.