எட்டிப்பிடிக்க வேண்டுமா, வேகத்தைக் கூட்டாதீர்கள்: சோயுஸ் கலத்தை விண்வெளி நிலையத்தில் இணைக்கும் முறை

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது. ரஷ்யாவின் ஆளேற்றும் விண்கலமான சோயுஸ் கிளம்புவது கஜகஸ்தானிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து. அந்த ஏவுதளம் நிலையத்தின் பாதைக்கு நேர் கீழே வரும் நேரம் பார்த்துத்தான் ராக்கெட் கிளம்ப வேண்டும். மேலே போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. சாய்வை 1 பாகை மாற்றவே விநாடிக்கு 134 மீட்டர் வேகமாற்றம் தேவை. பூமிக்குத் திரும்ப வேகம் குறைப்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும்.

சோயுஸ் முதலில் சேரும் இடம் சுமார் 200 கி.மீ. உயரம். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும்: நிலையத்தைவிட 1 கி.மீ. தாழ்வாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 9.4 கி.மீ. முன்னேறுவீர்கள். பின்தங்கியிருக்கிறோமே என்று முன்னோக்கி உந்தினால் கலம் மேலே ஏறும், சுற்று நீளும், இன்னும் பின்தங்கும். 1965இல் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்று, இப்படித்தான் விலகிப்போனார். ஆகவே கீழேயே இருந்து இடைவெளியைக் குறைத்துவிட்டு, பிறகு அளந்து ஏறுங்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினால் பாதையின் எதிர்ப்பக்கம் 3.5 கி.மீ. உயரும். கிளம்பும்போது நிலையம் வாகான இடத்தில் இருந்தால் இரண்டே சுற்றில், சுமார் 3 மணி நேரத்தில் சேரலாம். இல்லையென்றால் 2 நாள் பயணம்.

'குர்ஸ்' ரேடியோ கருவி தூரம், நெருங்கும் வேகம், கோணம் மூன்றையும் அளந்து கலத்தைத் தானாக ஓட்டிவரும். 400 மீட்டரில் நிலையத்தை வளைந்து சுற்றி, இணைப்பு வாய்க்கு நேரே வந்து, சுமார் 200 மீட்டரில் நின்று சரிபார்க்கும். குர்ஸ் கோளாறானால் கமாண்டர் கையால் ஓட்ட வேண்டும். இடது கைப்பிடி கலத்தை நகர்த்தும், வலது கைப்பிடி திருப்பும். நிலையத்தின் வாயருகே ஒரு தட்டும், அதற்கு முன்னால் தண்டில் நீட்டிய சிலுவைக் குறியும் தெரியும். தட்டின் நடுவிலிருந்து சிலுவை வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறீர்கள், வலப்பக்கம் நகருங்கள். முதலில் திருப்பம், பிறகு நகர்வு. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடவே கூடாது. 1997 ஜூன் 25 அன்று, குர்ஸ் இல்லாமல் கேமரா படத்தை நம்பி இயக்கிய ப்ராகிரஸ் சரக்குக் கலம் ரஷ்யாவின் பழைய மீர் விண்வெளி நிலையத்தில் மோதி, அதன் ஸ்பெக்டர் பகுதியை ஓட்டையாக்கியது.

தொடும் வேகம் விநாடிக்கு 10 செ.மீ.க்குச் சற்று மேல் இருந்தால் போதும். மிக மெதுவானால் பிடிப்பு விழாமல் கலம் பின்னால் துள்ளிவிடும். கலத்தின் மூக்கில் நீட்டிய தண்டான துருவுகோல் நிலையத்தின் இணைப்பு வாயிலுள்ள கூம்புக்குள் வழுக்கி, அடியிலுள்ள குழியில் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நிலையம் தன் திசைக்கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். ஆட்டம் அடங்கியதும் துருவுகோலை உள்ளிழுத்தால் இரு வளையங்களும் ஒட்டும், கொக்கிகள் பூட்டும்.

இடையில் எதுவும் சிக்கக் கூடாது. 2001 நவம்பரில், முந்தைய கலம் விட்டுப்போன ஒரு ரப்பர் வளையம் குறுக்கே நின்றதால் ப்ராகிரஸ் எம்1-7 முழுதாகப் பூட்டவில்லை. விண்நடை போய் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கொக்கி பூட்டியதும் கதவைத் திறந்துவிடாதீர்கள். இரு கதவுகளுக்கும் நடுவே காற்றழுத்தம் குறைகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். அழுத்தமானி அசையாமல் நின்றால் மட்டும் அழுத்தத்தைச் சமன் செய்து திறந்து, இணைப்பு விலகாதபடி உள்ளிருந்து திருகு கவ்விகளை முடுக்குங்கள்.