புயல் மழைக்குப் பின் ஆலயங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலே இல்லாத சேலத்துக்கு இதில் என்ன வந்தது என்றுதான் பலரும் இருந்தார்கள். மறுநாள், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. குடில் எங்கே கட்டுவது, பாடகர் குழு ஒத்திகை எத்தனை மணிக்கு என்று ஆலயங்களில் பேச்சு ஓடுகிற நாள். புயலோ கரையேறிய பிறகு மெதுவாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. சேலத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் பெருகியது.

இப்படி ஒரு நேரத்தில் கத்தோலிக்கப் பங்கு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, தெருமுனைப் பெந்தெகொஸ்தே சபை எதற்குமே உதவும் மனசு குறைவதில்லை. பணமும் ஓரளவு சேர்ந்துவிடும். ஆனால் ஆலயத்திடம் இருக்கிற உண்மையான சொத்து அந்தந்த ஊரில் ஏற்கெனவே குடியிருக்கும் மனிதர்கள். எந்த வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று அன்பியத் (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு) தலைவிக்குத் தெரியும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எத்தனை குடும்பம் என்று, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாருக்குத் தெரியும். மழை வந்ததும் இவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூர்த் தொண்டு நிறுவனம் மாதிரி வண்டி பிடித்துக் கிளம்பிவிடுகிறோம். கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவைதான்.

பழைய துணி

ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு வரும்: நல்ல நிலையில் உள்ள துணிகளைக் கொண்டு வாருங்கள். புதன்கிழமைக்குள் மண்டபம் நிறைந்துவிடும். பொத்தான் இல்லாத சட்டை, ஜாக்கெட் இல்லாத புடவை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. வீட்டை இழந்த குடும்பங்கள் தன்மானத்தையும் சேர்த்து இழந்துவிடவில்லை. அதை உடுத்த அவர்களுக்கு மனசு வரவில்லை. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவின்போதும் பழைய துணி வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இருபது வருடத்தில் நாம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில், நனைந்த வீட்டில் கிடக்கும் குடும்பத்துக்குக் கம்பளியும் தார்பாயும் வேண்டும். புது உள்ளாடை, நாப்கின், டார்ச், குளோரின் மாத்திரை வேண்டும். அரிசி மூட்டைக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. முதல் இரண்டு நாள் அதைப் பொங்க உலர்ந்த அடுப்பும் இடமும்தான் இருக்காது. அப்போது சமைத்த சாப்பாடு, அப்புறம் பாத்திரமும் எரிபொருளும். இந்த வரிசை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஒரு போன் போட்டு உபதேசியாரைக் கேட்பது எந்தப் பட்டியலையும்விட மேல். வாங்க வேண்டியதை முடிந்தவரை மலையிலேயே வாங்கலாம். சுற்றுலா நின்று படுத்துக் கிடக்கும் கடைக்காரருக்கும் அது நிவாரணம்தான்.

மலைக்கு வண்டி ஏற்றுவது

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். மண் சரிந்த பாதையில் ஜே.சி.பி. வேலை செய்துகொண்டிருக்கும்போது, பேனர் கட்டிய ஐந்து டெம்போ வரிசையில் நின்றால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? அந்தப் பக்கம் அடைத்தால் குப்பனூர் வழியாகப் போய்விடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். மழை மலை முழுக்கத்தான் பெய்திருக்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. கிளம்புவதற்கு முன் கேட்டால் பாதை நிலவரம் தெரியும், எந்தக் கிராமத்துக்கு யார் ஏற்கெனவே போயிருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஏற்காடு டவுனிலேயே எல்லா வண்டியும் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அதற்கு அப்பால் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் கிராமத்துக்கு ஒரு பொட்டலமும் போய்ச் சேராது. அங்கே லாரி போகாது, ஜீப்தான் போகும். ஜீப் வைத்திருப்பவர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்: உள்ளூர் ஆளைக் கேட்காமல் வேலை ஆகாது.

இளைஞர் குழுவை முழங்கால் அளவு வெள்ளத்தில் இறக்கி விடுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓடை இழுக்கும், பாம்பு மிதந்து வரும், காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வரும். மீட்புப் பணி பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஆலயத்தைத் திறந்துவிட்டால் போதுமா

கதவைத் திறந்துவிடுவது நல்ல காரியம். ஒரு ராத்திரிக்குச் சரி. இரண்டாம் நாளிலிருந்து கணக்கு வேறு. பேரிடர் உதவிக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோல்படி ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். 1,000 சதுர அடி மண்டபத்தில் இந்தக் கணக்கில் 26 பேர்தான் தங்க முடியும். நாம் சாதாரணமாக 100 பேரை உட்காரவைத்துவிட்டு, இரண்டு கழிப்பறையைக் காட்டிவிடுவோம். அதில் ஒன்று பூட்டியிருக்கும்.

இந்த அளவை அப்படியே எட்ட முடியாமல் போகலாம். ஆனால் எத்தனை பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று ஓர் எண்ணை முன்பே தீர்மானித்தால், மீதிப் பேரை அரசுப் பள்ளி முகாமுக்கு நேரத்தோடு அனுப்பலாம். பெண்கள் உடை மாற்ற மறைப்பு, இரவு முழுக்க எரியும் ஒரு விளக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியில் இன்னொன்று, இவற்றைப் பெண்களைக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். கமிட்டியில் உள்ள ஐந்து ஆண்களுக்கு இது தோன்றாது. இன்னொன்று, மலையில் பல ஆலயங்கள் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்புறத் தடுப்புச் சுவரில் விரிசலோ, வழக்கத்துக்கு மாறாகக் கலங்கல் நீர் ஊறுவதோ தெரிந்தால் அங்கே ஒருவரையும் தங்கவைக்கக்கூடாது.

யாருடைய பெயர் பட்டியலில் இல்லை?

ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் பெரிய மனத்தாங்கலே ஒரு விநியோகப் பட்டியலைப் பற்றியது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். திருத்தூதர்கள் அதற்கென்று ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்களை எடுத்த மாதிரி தெரிகிறது. நம் பங்குப் பேரவைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏனென்றால் நம் பட்டியல் பெரும்பாலும் பங்குக் குடும்பப் பதிவேட்டிலிருந்து வருகிறது. சந்தா கட்டாதவர் அதில் இல்லை. மலைத் தெய்வம் சேர்வராயனைக் கும்பிடும் மலையாளி பழங்குடிக் கிராமம் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்கள்) அதில் இல்லை. எஸ்டேட்டில் கூலிக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இந்த ஊர் ரேஷன் கார்டே இருக்காது. நகரத்தில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்துக்காரர் ஆற்றோரக் கொட்டகையில் இருப்பார், அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சுனாமி நிவாரணத்தில் தலித் குடும்பங்கள் பல இடங்களில் ஒதுக்கப்பட்டது பதிவான செய்தி. ஆலயத்துக்குள் அது நடக்காது என்று நினைப்பவர் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பார்க்கட்டும். மேலத்தெருவில் டோக்கன் கொடுத்து, மேலத்தெரு வீட்டுத் திண்ணையிலேயே பொருளும் கொடுத்தால் கீழத்தெருக்காரர் வந்து நிற்கத் தயங்குவார். விநியோகம் பொது இடத்தில், பள்ளி மைதானத்தில் நடக்கட்டும். பட்டியலை முதல் நாளே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டு, விடுபட்டவர் சொல்ல ஒரு நாள் விடுங்கள். வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டும் பாருங்கள். நேரமும் முக்கியம்: காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கிப் பொங்கல் தாண்டிப் போகும். காலை பத்து மணிக்கு வரிசை என்றால் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அந்தப் பொட்டலத்தை வாங்க வர வேண்டும்.

ஜெபம், படம், பணம்

நிவாரணப் பைக்குள் துண்டுப் பிரசுரம் வைப்பது, ஜெபம் முடிந்த பிறகுதான் டோக்கன் என்பது, இரண்டும் வேண்டாம். இதை வெளியார் யாரும் நம்மீது திணிக்கவில்லை. உதவியை மத, அரசியல் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற நடத்தை விதிகள் 1994-இல் வெளிவந்தபோது, அவற்றை உருவாக்கியவர்களில் செஞ்சிலுவை இயக்கத்தோடு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும், உலகத் திருச்சபைகள் மன்றமும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இருந்தன. கேட்பவரோடு சேர்ந்து ஜெபிப்பது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீடு இடிந்தவரிடம் போய் இது கடவுளின் தண்டனை என்று பிரசங்கம் செய்யும் ஆளை மட்டும் மேடை ஏற்றாதீர்கள்.

படம் எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குடம் வாங்கும் அம்மாவை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, பேனர் தெரிய, ஆறு பேர் அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் படம் யாருக்காக? கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கி வைத்த பொருளையும் கையெழுத்துத் தாளையும் எடுங்கள்.

பணத்தில் பலர் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய் உறவினர் தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவரோ அங்குள்ள ஒரு சபையோ அனுப்பினால் ஆகும். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு பெற்ற வேறோர் அமைப்பு வாங்கி நமக்குக் கைமாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. போதகரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்வது அவரை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். உள்ளூர் வசூல் என்றால் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாத இடத்தில் வதந்தி ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம்

முதல் வாரம் மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஜனவரியில் யாரையும் காணோம். ஆனால் உள்ளூர் ஆலயத்தால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சேலத்தில் ஒரு குழித்தறி நெசவாளரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நிறைவது தறிக்குழி. பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல்) நனைந்து, தறியின் மரச்சட்டம் ஊறி, குழி காய்கிற வரைக்கும் வருமானம் இல்லை. அந்த வீட்டுக்கு ஐந்தாவது அரிசிப் பையைக் கொண்டுபோவதைவிட, குழியைச் சீர்செய்யவும் புதுப் பாவு போடவும் ஒரு தொகை கொடுப்பது உருப்படியான உதவி. மலையில் பாதை அடைத்திருந்த நாட்களுக்குக் கூலி போனவர்கள் கடன் வாங்கியிருப்பார்கள். பொட்டலத்தால் அது தீராது.

இன்னொரு வேலை காகிதம். நனைந்த பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ். மலையாளி பழங்குடிக் குடும்பத்தில் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் போனால் கல்லூரி இடமும் உதவித்தொகையும் சேர்ந்து தள்ளிப்போகும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இரண்டு பேர், சனிக்கிழமைதோறும் ஆலய வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். செலவு பேனாவுக்கும் ஜெராக்ஸுக்கும்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் என்று மதம் பார்க்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மண்டபச் சாவி ஒரே ஒருவரிடம் இருந்து, அவர் அன்றைக்குக் கூட்டத்துக்காகக் கீழே சேலத்துக்கு இறங்கியிருந்தால் கதவு திறக்காது. இன்னொரு சாவி செய்து பக்கத்து வீட்டில் கொடுத்து, அந்த வீட்டுக்காரரின் எண்ணை வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.